காணாத துணையைத் தேடியவர்: கப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் (1813–1862)

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இவ்வேளையில், இம்மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டார்கள். அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி எழுத எம்மிலும் தகுதியுடைய அக்காமார் பலர் இருக்கிறார்கள். எனவே எமது கல்லூரி வாசலை ஒருநாளும் மிதியாத, எமது கல்லூரி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்ட ஒருவரைத் தெரிவு செய்தோம். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நாம் கற்ற ஒரு பாடம் அவருடைய வாழ்க்கையில் அப்படியே இருப்பதுதான் காரணம்.

வேணியர் இடுக்கியைக் கையில் எடுத்தவுடன் முதலில் பூச்சிய வழுவைப் பார்க்க வேண்டும்; ஒரே பொருளை மூன்று தடவை அளக்க வேண்டும்; மூன்றும் ஒன்றுபோல் வராவிட்டால் வந்ததை வந்தபடியே எழுத வேண்டும். எமது பௌதிகவியல் ஆசிரியை இதனைச் சொல்லாத வாரம் இல்லை. அளவுகளைத் திருத்தி அழகாக எழுதிய கொப்பிகள் திரும்பி வந்ததை எம் வகுப்பினர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பாடத்தை வானத்தின் மீது நடத்தியவர் கப்டன் ஜேக்கப்.

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் 1813 நவம்பர் 19 ஆம் திகதி இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிலுள்ள வூலாவிங்ரன் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர். பதினைந்து வயதளவில் கிழக்கிந்தியக் கம்பனியின் அடிஸ்கம் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, பொறியியற் படைப்பிரிவுக்குத் தெரிவாகி, 1831 இல் பம்பாய்க்கு வந்தார். முதல் சில ஆண்டுகள் நில அளவைப் பணியில் கழிந்தன. குன்றுக்குக் குன்று கோணம் எடுத்து, ஒரு கோணத்தைப் பல தடவை எடுத்து, கணக்குச் சரிவராத இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் அளக்கும் வேலை அது. மண்ணை அளந்த அந்தப் பழக்கமே பின்னர் விண்ணை அளக்கக் கைகொடுத்தது.

1842 இல் புனேயில் தமது சொந்தச் செலவில் சிறிய வானாய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். அடுத்த ஆண்டு விடுமுறையில் தாயகம் சென்று, 1844 இல் திருமணம் செய்து, 1845 இல் மனைவியுடன் திரும்பினார். கப்டன் பதவியை எட்டியதும் இராணுவ சேவையிலிருந்து விலகி, தம் நேரம் முழுவதையும் இரட்டை விண்மீன்களுக்குக் கொடுத்தார். 1845 முதல் 1848 வரை புனேயில் அவர் அளந்த இரட்டை விண்மீன்கள் 244. விருச்சிக ராசியில் இரட்டை என்று எண்ணப்பட்டிருந்த ஒரு விண்மீன் உண்மையில் மூன்று என்று கண்டவரும் அவரே.

இரட்டை விண்மீன் என்றால் என்ன என்று எம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அம்மி மிதித்து அருந்ததி பார்த்தவர்கள் எம்மில் பலர். பக்கத்தில் நிற்கும் வசிட்டரையும் சேர்த்துத்தான் பார்த்திருப்போம். தொலைநோக்கியால் பார்த்தால் அந்த வசிட்டரே இரண்டாகப் பிரிந்து தெரிவார். இவ்வாறு கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றி, உண்மையில் இரண்டாக இருந்து, ஒன்றையொன்று சுற்றிவரும் விண்மீன்கள் வானில் ஏராளம். ஒரு சுற்று முடிய ஐம்பது ஆண்டும் ஆகலாம், ஐந்நூறு ஆண்டும் ஆகலாம். ஆகவே அதனை அளப்பவர் முழுச் சுற்றையும் காணாமலே போய்விடக்கூடும். முன்னோர் எழுதிவைத்த அளவோடு தம் அளவையும் சேர்த்து, பின்வருவோருக்கு விட்டுச்செல்ல வேண்டும்.

1848 டிசெம்பரில் ஜேக்கப் சென்னை வானாய்வு நிலையத்தின் பணிப்பாளராக நியமனம் பெற்றார். நுங்கம்பாக்கத்தில் 1792 இல் கட்டி முடிக்கப்பட்ட நிலையம் அது. கருவியைத் தாங்குவதற்கு அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் லத்தீன் மொழியோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் வெட்டப்பட்டன. அந்தத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. ஜேக்கப்புக்கு முன் பொறுப்பிலிருந்த ரெயிலர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிட்டிருந்தார். ஜேக்கப் அவ்வழியில் 1440 விண்மீன்களின் பட்டியல் ஒன்றைத் தந்தார். தெற்கு வானின் புகழ்பெற்ற இரட்டையான அல்பா சென்ரோரியின் சுற்றுப்பாதையைக் கணித்தார். சனிக் கோளின் மங்கலான உள்வளையம் ஒளியை ஊடுருவ விடுகிறது என்பதை 1852 இல் அவதானித்தார்.

இவ்வேலை எதனையும் அவர் தனியாகச் செய்யவில்லை. இரவிரவாகக் கருவியருகே நின்று நேரம் குறித்தவர்கள், பகல் முழுவதும் கணக்குப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்நாட்டு உதவியாளர்கள். அவர்களில் ஒருவரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஜேக்கப்புக்குப் பின்வந்தவர் காலத்தில், 1867 இல், ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து, இலண்டன் அரச வானியற் கழகத்தின் அங்கத்தவராகவும் உயர்ந்தார். ஏனையோரின் பெயர்களைத் தேடிப்பிடிப்பது கடினம். அவர்களின் அளவுகள் மட்டும் பட்டியல்களில் இருக்கின்றன.

அதே 1840களிலும் 1850களிலும்தான் மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து எம்மிற் பலரின் மூதாதையர் கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே கால்நடையாக இலங்கையின் மலைநாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்பொழுது இங்கே தேயிலை இல்லை, கோப்பிதான். அவர்கள் இரவு வழியில் திசை பார்த்த விண்மீன்களைத்தான் அவர்கள் விட்டுவந்த கரையில் ஜேக்கப் அளந்துகொண்டிருந்தார். இதனை எண்ணும்போது இந்தக் கப்டன் எமக்கு அத்தனை அந்நியராகத் தோன்றுவதில்லை.

அவர் அளந்தது எவ்வளவு சிறிய அளவு என்பதையும் சொல்லவேண்டும். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. இரண்டு சென்ரிமீற்றர் அகலமுள்ள சட்டைப் பொத்தானை நாலு கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் அது கண்ணில் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ ஒரு விகலை. இரட்டை விண்மீன்களுக்கிடையே உள்ள தூரம் பெரும்பாலும் சில விகலைகளே. தொலைநோக்கியின் கண்வில்லையில் பொருத்திய நுண்மானியில் சிலந்தி நூல்கள் கட்டப்பட்டிருக்கும். திருகாணியை மெல்லத் திருப்பி, ஒரு நூலை ஒரு விண்மீன் மேலும் மற்ற நூலை அடுத்ததன் மேலும் நிறுத்தி, திருகாணி எத்தனை சுற்று திரும்பியது என்று வாசிப்பார்கள். சென்னையின் புழுக்கத்தில், நடுங்கும் காற்றின் ஊடாக, விண்மீனும் கொதிக்கும் எண்ணெயில் இட்டதுபோல் துடித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் நூலை நிறுத்தவேண்டும். மறுநாளும், மறுமாதமும், மறு ஆண்டும் அதனையே செய்யவேண்டும்.

இந்தப் பொறுமைக்குப் பயன் உண்டு என்பதை 1844 இல் ஜெர்மன் அறிஞர் பெசல் காட்டியிருந்தார். வானத்தின் மிக ஒளியுள்ள விண்மீனான சிரியஸ் நேர்கோட்டில் நகராமல், மிகச் சிறிதளவு வளைந்து வளைந்து நகர்வதை அவர் கண்டார். கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதனை இழுக்கிறது, இரண்டும் பொதுவான ஒரு மையத்தைச் சுற்றுகின்றன என்று முடிவு கட்டினார். துணையை எவரும் பார்த்ததில்லை. சிரியஸின் தள்ளாட்டம் மாத்திரமே சான்று.

ஜேக்கப்பின் கவனம் 70 ஒபியூக்கி என்ற இரட்டையில் பதிந்தது. எமக்கு ஏறத்தாழ 16.6 ஒளியாண்டு தூரத்தில் உள்ள அந்த இரு விண்மீன்களும் 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. வில்லியம் ஹேர்ஷல் 1779 இல் அதனை இரட்டை என்று கண்டதிலிருந்து பலர் அளந்து வந்திருந்தார்கள். சுற்றுப்பாதையை எத்தனை விதமாகக் கணித்தாலும், விண்மீன் இருக்கவேண்டிய இடத்துக்கும் இருந்த இடத்துக்கும் சிறு வேறுபாடு தொடர்ந்து வந்தது. அந்த வேறுபாடு ஒழுங்கற்றதாக இல்லாமல், ஒருபுறம் கூடிப் பின் மறுபுறம் கூடி, சுற்றிச் சுற்றி வருவதுபோல் ஜேக்கப்புக்குத் தோன்றியது. 1855 இல் அரச வானியற் கழகத்துக்கு அனுப்பிய கட்டுரையில், இவ்விரட்டையோடு கோள் போன்ற ஒரு பொருள் சேர்ந்திருப்பதற்கான நிகழ்தகவு பலமாக உள்ளது என்று அறிவித்தார். உறுதி என்று சொல்லவில்லை. ஆயினும், சூரியனல்லாத வேறொரு விண்மீனுக்குக் கோள் இருக்கிறது என்று அளவுகளை முன்வைத்து எழுந்த முதல் கூற்று அதுவே என்று வானியல் வரலாற்றில் கருதப்படுகிறது. அது எழுந்த இடம் எம் தமிழ்ச் சென்னை.

அந்தக் கூற்று பிழை. 1890களில் அமெரிக்கரான சீ என்பவர் அதே விண்மீனுக்குக் காணாத துணை உண்டு என்று மீண்டும் எழுப்பினார். அவர் சொன்ன அமைப்பு நிலைத்து நிற்க முடியாது என்று 1899 இல் மோல்ற்றன் கணக்கிட்டு நிறுவினார். 1943 இல் மறுபடியும் ஒரு கோள் அறிவிக்கப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை. இன்றைய நுட்பமான அளவுகளில் ஜேக்கப் சொன்ன கோளுக்கு இடமில்லை. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தொலைநோக்கிகள், நடுங்கும் காற்று ஆகியவற்றின் சிறு வழுக்கள் ஒன்றுசேர்ந்து, சுற்றி வரும் ஒரு பொருளைப்போலத் தோற்றம் காட்டிவிட்டன.

இங்கே எமது தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதிக்கவேண்டும். வைத்தியராக வந்த ஆரம்ப ஆண்டுகளில் தோட்டத்துக் கிளினிக்குகளுக்குப் போய்வந்தோம். ஒரு பிள்ளையின் நிறைக்கோடு மூன்று மாதமாக நிமிராமல் படுத்திருந்தது. பிள்ளை சிரித்து விளையாடியது. வெளியில் ஒன்றும் தெரியவில்லை. மாதந்தோறும் ஒரே தராசில், ஒரே விதமாக நிறுத்து, கிராம் கணக்கில் எழுதிவைத்த குடும்பநல உத்தியோகத்தரின் கோடு மாத்திரமே எமக்குச் சான்று. கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று இழுக்கிறது என்று எண்ணி அனுப்பி வைத்தோம். இருதயத்தில் துவாரம் இருந்தது. உரிய காலத்தில் சிகிச்சை கிடைத்தது.

அந்தத் துணிவில் அடுத்த ஆண்டு, மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் இன்னொரு பிள்ளையின் கோடு சரிந்தபோதும் அதையே எண்ணினோம். தாயிடம் சொல்லியும்விட்டோம். கொழுந்து எடுக்கும் அந்தப் பெண் இரண்டு கிழமை சம்பளத்தை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி அலைந்தாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைமடுவத்தில் இருந்த தராசின் முள் பூச்சியத்தில் நிற்கவில்லை. அதைப் பார்க்காமல் விட்டவர் வேறு யாருமல்ல, நாம்தான். ஆய்வுகூடத்தில் முதல் நாளே கற்ற பாடம் அது. அதன் பின் சில மாதங்கள் எந்தச் சந்தேகத்தையும் வாய்விட்டுச் சொல்லப் பயந்தோம். அந்தப் பயத்தில் பேசாதிருந்து ஒரு பிள்ளையைத் தவறவிட்டிருந்தால் அது அதைவிடப் பெரிய பிழையாகியிருக்கும்.

ஜேக்கப்பின் வாழ்க்கையை வாசித்தபோது எமக்கு ஆறுதல் தந்தது இதுவே. அவர் அளவுகளை மறைக்கவில்லை, தமக்குச் சாதகமாகத் திருத்தவுமில்லை. சந்தேகத்தைச் சந்தேகமாகவும் நிகழ்தகவை நிகழ்தகவாகவும் எழுதினார். அவர் தந்தபடியே அளவுகள் இருந்தமையால்தான் பின்வந்தோர் அவற்றைச் சோதிக்க முடிந்தது.

சென்னையின் வெக்கை அவர் உடலை முறித்தது. நோய் விடுமுறையில் 1854 அளவிலும் பின்னர் 1858 இலும் இங்கிலாந்து செல்ல நேர்ந்தது. கிறீனிச் நிலையத்தினதைப் போன்று செய்விக்கப்பட்ட புதிய கருவி 1858 மார்ச்சில் சென்னை வந்திறங்கியது. அதற்கு அடுத்த மாதமே அவர் சென்னையை விட்டுப் புறப்பட்டார். வருடக்கணக்காகப் பழைய கருவியோடு மாரடித்தவருக்குப் புதியதைப் பயன்படுத்தும் வாய்ப்புக் கிட்டவில்லை. 1859 இல் பதவியும் முடிவுக்கு வந்தது. 1860 யூலையில் முழுச் சூரிய கிரகணத்தைக் காண ஸ்பெயின் சென்ற குழுவில் அவரும் இருந்தார்.

அவர் மனதில் ஒரு திட்டம் மாத்திரம் அணையாமல் இருந்தது. சமவெளியின் தூசிக்கும் புழுக்கத்துக்கும் மேலே, மலையில் வானாய்வு நிலையம் வைக்கவேண்டும். காற்று அடங்கிய உயரத்தில் விண்மீன் துடிக்காமல் நிற்கும். புனேப் பகுதியில் 5000 அடி உயரத்தை மனதில் கொண்டார். 1862 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 1000 பவுண் ஒதுக்கியது. 9 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தாமே வாங்கி வைத்திருந்தார். மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்ய எண்ணி 1862 ஓகஸ்ட் 8 ஆம் திகதி பம்பாயில் வந்திறங்கினார். எட்டு நாட்களில், ஓகஸ்ட் 16 ஆம் திகதி, புனேயில் காலமானார். வயது 48. மனைவியும் எட்டுப் பிள்ளைகளும் தனித்துப் போனார்கள். மலை நிலையம் அவரோடு முடிந்தது.

அதே ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்காவில் அல்வன் கிளார்க் என்பவர் புதிய தொலைநோக்கியொன்றைச் சோதிக்கும்போது, பெசல் கணக்கில் மட்டும் கண்ட சிரியஸின் துணையைக் கண்ணால் கண்டார். தள்ளாட்டத்தை அளந்து துணையைக் கண்டறியும் வழி சரியானதே என்பதை அறிய ஜேக்கப்புக்குக் காலம் இடம்கொடுத்தது என்பதில் எமக்கு ஒரு திருப்தி. அவர் விரும்பிய மலை நிலையமும் நாற்பது ஆண்டுகளுக்குள் வேறோர் இடத்தில் அமைந்தது. 1899 இல் சென்னை நிலையத்தின் வானியற் பணிகள் கொடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டன.

அவ்வழியில் சறுக்கியவர் ஜேக்கப் மட்டுமல்லர். அதே ஒபியூக்கஸ் கூட்டத்திலுள்ள பார்னாட் விண்மீனுக்குக் கோள் உண்டு என்று 1963 இல் வன் டி காம்ப் அறிவித்தார். அவருடைய தொலைநோக்கியின் வில்லைத் தொகுதியில் செய்யப்பட்ட மாற்றங்களே அத்தள்ளாட்டம்போல் தோன்றின என்று பின்னர் தெரியவந்தது. அதுவும் பூச்சிய வழுதான். 2013 டிசெம்பரில் ஐரோப்பியர் ஏவிய கையா விண்கலம் 2025 ஜனவரி வரை 200 கோடிக்குக் கிட்டிய விண்மீன்களின் இடங்களை அளந்தது. காற்று நடுக்கமே இல்லாத இடத்திலிருந்து, விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய அளவு வரை அளந்தது. அவ்வளவுகளிலிருந்து, ஒரு விண்மீனின் தள்ளாட்டத்தைக் கொண்டே சூரியனைப்போல் 33 மடங்கு திணிவுள்ள கருந்துளை ஒன்று 2024 இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, வியாழனைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு திணிவுள்ள கோள் ஒன்றும் அவ்வாறே கண்டறியப்பட்டு, வேறு முறையாலும் உறுதிசெய்யப்பட்டது. 1855 இல் ஜேக்கப் தேடியது இவ்வகையான துணையைத்தான். வழி சரி, கருவிதான் போதவில்லை.

அக்காமாரே, தங்கைமாரே, எம்மில் சிலர் இன்று பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் இருக்கிறோம். பலர் கொழும்பிலும் தமிழ்நாட்டிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறோம். எங்கிருந்தாலும் ஓகஸ்ட் மாதத்தில் ஓரிரவு வெளியே வந்து பாருங்கள். தெற்கே விருச்சிகத்தில் செந்நிறக் கேட்டை தெரியும். அதற்கு வடக்கே விரிந்து கிடப்பது ஒபியூக்கஸ் கூட்டம். ஊவாவில் அது நல்ல கொழுந்துக் காலம். மேற்கே மழை பெய்ய, எம் பக்கத்து வானம் காய்ந்து தெளிந்திருக்கும். இரவு எட்டு ஒன்பது மணிக்கு 70 ஒபியூக்கி நமுனுகுல மலைக்கும் மேலே ஏறத்தாழ உச்சியில் நிற்கும். லயத்து வெளிச்சத்தை விட்டுச் சற்று விலகி நின்றால், மங்கலான ஒரு புள்ளியாக வெறுங்கண்ணுக்கே தெரியும். சிறிய தொலைநோக்கி இருந்தால் இரண்டாகப் பிரியும்.

நூற்றாண்டு நினைவாக எமது கல்லூரிக்கு எதனைக் கொடுக்கலாம் என்று பலரும் பேசிக்கொள்கிறார்கள். எமது எளிய விருப்பம், அந்த ஆய்வுகூடத்துக்கு ஒரு சிறு தொலைநோக்கியும் அதனோடு கோடிட்ட கொப்பி ஒன்றும். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பிள்ளை இந்த ஆண்டு 70 ஒபியூக்கியை அளந்து, தன் பெயரை எழுதி, திகதியிட்டு வைக்கட்டும். அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளை அளக்கட்டும். 88 ஆண்டுகளில் ஒரு சுற்று முடியும். எம் சங்கத்துக்கு அது பெரிய காலமல்ல. அளவு பிழைத்தால் பிழைத்தபடியே எழுதட்டும். அளக்கத் தொடங்குமுன் பூச்சிய வழுவை மட்டும் மறவாமல் பார்க்கட்டும்.